தலைக்கட்டணத் திட்டம் வந்தால் ஏழைகளின் மருத்துவமனைக்கு என்ன ஆகும்?

கேள்வி: பாங்சார் மாணவி

அன்பர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படித்து வருகிறேன். 2023 ஜூனில் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது முதல், மருத்துவத்துக்கான பொதுப் பணம் இனி எந்த வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்ற விவாதம் எங்கள் துறையில் ஓயவில்லை. இப்போது நம் அரசாங்க மருத்துவமனைகள் சுகாதார அமைச்சின் ஆண்டு ஒதுக்கீட்டில் நடக்கின்றன. நோயாளி புறநோயாளிப் பிரிவில் 1 ரிங்கிட்டும் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்டும் கட்டுகிறார். இதற்கு மாற்றாக, மக்களின் சார்பில் ஒரு பொது நிறுவனம் அரசாங்க மருத்துவமனைகளிடமிருந்தும் தனியாரிடமிருந்தும் சிகிச்சையை விலை பேசி வாங்கட்டும் என்கிறார்கள் ஒரு சாரார். சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் புரொடெக்ட்ஹெல்த் அமைப்பை அத்தகைய கொள்முதல் நிறுவனமாக வளர்க்கும் எண்ணம் வெள்ளை அறிக்கையிலேயே இருக்கிறது.

இந்த வழியில் நெடுந்தூரம் போய்விட்ட நாடு என்பதால் அமெரிக்காவின் மெடிக்கெய்ட் திட்டத்தை என் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். வருமானம் குறைந்தவர்களுக்காக 1965இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், இன்று பயனாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் மேனேஜ்டு கேர் நிறுவனங்களின் பொறுப்பில் இருக்கிறார்கள். மாநில அரசு ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாதந்தோறும் ஒரு தலைக்கட்டணத்தை அந்த நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த மனிதரின் சிகிச்சை முழுவதையும் அந்தப் பணத்துக்குள் ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் கடமை. இந்த நிறுவனங்களில் பல தனியாருடையவை. சில, மாவட்ட அரசுகளோ பொது மருத்துவமனைகளோ தாமே நடத்துபவை.

எனக்குப் புரியாதது இதுதான். அரசே நடத்தும் இத்தகைய திட்டங்கள் ஏழைகளின் கடைசிப் புகலான மருத்துவமனைகளைக் காப்பாற்றின என்று சில கட்டுரைகள் சொல்கின்றன. மேனேஜ்டு கேர் வந்த பிறகு அதே மருத்துவமனைகள் நோயாளிகளையும் வருமானத்தையும் இழந்து தடுமாறின என்று வேறு சில சொல்கின்றன. இரண்டும் ஒருசேர எப்படி உண்மையாக இருக்க முடியும்? என் தாயார் பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு அரசாங்க மருத்துவமனையில்தான் சிகிச்சை பெறுகிறார். ஆகவே இது எனக்கு வெறும் தேர்வுத்தாள் விஷயம் அல்ல. அந்த நாட்டு அனுபவத்தை நேரில் அறிந்தவர்கள் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பட்டர்வொர்த் கணக்கர்

வணக்கம், சகோதரி. பினாங்கில் பிறந்து வளர்ந்து, கலிஃபோர்னியாவில் ஒரு மாவட்டப் பொது மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு, ஓய்வுக்குப் பின் பட்டர்வொர்த்துக்குத் திரும்பியவன் நான். நீங்கள் படித்த இரண்டு வகைக் கட்டுரைகளும் உண்மையையே சொல்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் கருத்து. தலைக்கட்டணம் நோயாளியோடு நகர்ந்து போகிறது, ஆனால் மருத்துவமனையின் ஆயத்தச் செலவு, அதாவது நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் தயாராக இருப்பதற்கு ஆகும் செலவு, நகர்வதில்லை.

ஒரு பெரிய பொது மருத்துவமனை நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதோடு நிற்பதில்லை. விபத்துப் பிரிவை நள்ளிரவிலும் திறந்து வைக்கிறது. தீக்காயப் பிரிவுக்கு ஆள் வராத வாரத்திலும் மருத்துவரையும் தாதியரையும் பணியில் வைத்திருக்கிறது. இளம் மருத்துவர்களைப் பயிற்றுவிக்கிறது. பணம் இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொள்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் பந்தல் போடுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பந்தல் கட்டி, அடுப்பு மூட்டி, ஆட்களை நிறுத்துவதற்கு ஆகும் செலவு, நூறு பேர் வந்து குடித்தாலும் பத்தாயிரம் பேர் வந்து குடித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு குவளைக்கு இவ்வளவு என்று மட்டும் யாராவது பணம் கொடுக்க முன்வந்து, பக்கத்திலேயே வேறு நான்கு பந்தல்களுக்கும் அதே விலையைக் கொடுத்தால், கூட்டம் பிரியும். முதல் பந்தலின் செலவோ அப்படியே இருக்கும்.

மேனேஜ்டு கேர் வருவதற்கு முன்பு, மெடிக்கெய்ட் அட்டை வைத்திருந்தவரைத் தனியார் மருத்துவமனைகள் பெரிதாக விரும்பியதில்லை. அவர் பொது மருத்துவமனைக்கே வந்தார். அவருக்காகக் கிடைத்த பணத்தில்தான், எந்தக் காப்புறுதியும் இல்லாத அடுத்த நோயாளியின் செலவின் ஒரு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அதற்கு மேல், ஏழை நோயாளிகளை மிகுதியாகப் பார்க்கும் மருத்துவமனைகளின் நிலையை மாநிலங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1981இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன் வழியாக வந்த சிறப்பு நிதி, டி.எஸ்.எச். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது, பல பொது மருத்துவமனைகளின் உயிர்நாடியாக இருந்தது.

தலைக்கட்டண முறை வந்ததும் நிலைமை மாறியது. உறுப்பினர் விரும்பிய திட்டத்தையும் மருத்துவரையும் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். அது நல்லது, ஏழைக்கும் தேர்வுரிமை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பிரசவத்துக்கு வரும் இளம் தாய்மார்களும், பெரிய நோய் இல்லாத குழந்தைகளும் தனியார் பக்கம் போனார்கள். நோய் முற்றியவர்களும் அட்டை இல்லாதவர்களும் பொது மருத்துவமனையிலேயே தங்கினார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேனேஜ்டு கேர் நிறுவனத்தின் திறமை, மக்களை வார்டில் படுக்காமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. வார்டு நாள்கள் குறைந்தால், அந்த நாள்களின் கணக்கில் வந்த மருத்துவமனை வருமானமும் குறைகிறது. நோயாளிக்கு நன்மையான ஒரு மாற்றமே மருத்துவமனையின் கணக்கில் நஷ்டமாக விழுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன்.

டென்னசி மாநிலத்தை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். 1994 ஜனவரியில் அந்த மாநிலம் தன் மெடிக்கெய்ட் பயனாளிகள் அனைவரையும் மேனேஜ்டு கேர் நிறுவனங்களுக்கு மாற்றி, கூடவே காப்புறுதி இல்லாத ஏராளமானவர்களையும் சேர்த்துக்கொண்டு, டென்கேர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. எல்லாரிடமும் அட்டை இருக்கும்போது ஏழைகளின் மருத்துவமனைக்குத் தனி நிதி எதற்கு என்ற எண்ணத்தில், அந்தச் சிறப்பு நிதியையும் திட்டத்துக்குள் கலந்துவிட்டார்கள். ஆனால் செலவு தாங்காமல் 2005இல் ஏறத்தாழ 170,000 பேரை அதே மாநிலம் பட்டியலிலிருந்து நீக்கியது. நீக்கப்பட்டவர்கள் நோயில்லாதவர்களாக மாறிவிடவில்லை. அதே மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குத்தான் வந்தார்கள். அட்டை கொடுப்பது ஓர் அரசின் முடிவு. அடுத்த அரசு அதைத் திரும்பப் பெறலாம். அந்த இடைவெளியில் மருத்துவமனை நின்றுகொண்டிருக்க வேண்டும்.

கலிஃபோர்னியா இதை ஓரளவு முன்கூட்டியே உணர்ந்தது. 1990களில் பல மாவட்டங்களில் அது இரட்டைத் திட்ட முறையைக் கொண்டுவந்தது: ஒன்று வணிக நிறுவனத்தின் திட்டம், மற்றொன்று மாவட்ட மட்டத்தில் பொது அமைப்பு நடத்தும் திட்டம். லாஸ் ஏஞ்சலஸில் 1997இல் செயல்படத் தொடங்கிய எல்.ஏ. கேர், இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுடன், அந்த நாட்டில் பொது அமைப்பு நடத்தும் திட்டங்களில் மிகப் பெரியது. அந்த மாவட்டத்தின் பின்னணியையும் நினைவில் வையுங்கள். 1995இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் சுகாதாரத் துறை திவாலாகும் நிலைக்கு வந்து, மத்திய அரசு சிறப்பு அனுமதியும் நிதியும் கொடுத்துத்தான் தூக்கி நிறுத்தியது.

பொதுத் திட்டம் மருத்துவமனையைக் காத்த இடம் எதுவென்றால், எந்தத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடுபவர்களை யாரிடம் ஒப்படைப்பது என்ற விதியில்தான். படிவத்தை நிரப்பாதவர்கள் எப்போதும் ஏராளம். அவர்களைத் தானாகப் பிரித்து ஒதுக்கும்போது, 2000களின் நடுப்பகுதியிலிருந்து கலிஃபோர்னியா தர அளவீடுகளோடு இன்னொன்றையும் கணக்கில் சேர்த்தது: ஒரு திட்டம் ஏழைகளின் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் எவ்வளவு பயன்படுத்துகிறது என்பது. யாரும் கவனிக்காத இந்த ஒரு விதி, பல விளம்பரங்களைக் காட்டிலும் அதிக வேலை செய்தது என்று அங்கே கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் சொல்வேன்.

ஆனால் பொதுத் திட்டம் மட்டும் போதாது என்பதற்கும் அதே ஊரில் சான்று உண்டு. 1965இல் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரத்துக்குப் பிறகு, அங்கே மருத்துவமனையே இல்லை என்ற குறையைப் போக்க 1972இல் மார்ட்டின் லூதர் கிங் பெயரில் ஒரு பொது மருத்துவமனை திறக்கப்பட்டது. தரக் குறைபாடுகளால் மத்திய நிதியை இழந்து 2007இல் அதன் வார்டுகள் மூடப்பட்டன. 2015இல் 131 படுக்கைகளுடன், லாப நோக்கற்ற தனி அமைப்பாக, புதிய மருத்துவமனை திறக்கப்பட்டது. சிறிய அளவில் திட்டமிடப்பட்ட அதன் அவசரப் பிரிவுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அதன் தலைவர் எலெய்ன் பாட்ச்லர், அதற்கு முன் எல்.ஏ. கேர் திட்டத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர். பொதுத் திட்டத்தின் உள்நிலையை நன்கு அறிந்த அவரே, ஏழை நோயாளிகளுக்காகக் கிடைக்கும் கட்டணம் மருத்துவமனையை நடத்தப் போதவில்லை என்று 2023இல் வெளிப்படையாகப் பேசி, மாநில அரசிடம் உதவி கேட்க நேர்ந்தது. திட்டம் பொது அமைப்பின் உடைமையாக இருந்தாலும், அதன் கைக்கு வரும் தலைக்கட்டணம் குறைவாக இருந்தால் அது மருத்துவமனைக்குக் கொடுப்பதும் குறைவாகவே இருக்கும்.

பதில்: செந்தூல் கிளினிக் மருத்துவர்

ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அரசாங்க மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு இப்போது செந்தூலில் தனியார் கிளினிக் நடத்துபவன் நான்.

நம் நாட்டில் பணம் நோயாளியைப் பின்தொடர்வதில்லை. ஒரு நிபுணர் பிரிவுக்குக் கூடுதலாக ஆயிரம் பேர் வந்தால், அந்தப் பிரிவுக்குக் கூடுதல் வேலைதான் வருகிறது. அந்த ஆண்டின் ஒதுக்கீடு அப்படியே இருக்கிறது. அதனால் நோயாளியின் வருகை, நல்ல மனம் படைத்த ஊழியருக்கும்கூட, பாரமாகத் தெரியத் தொடங்குகிறது. விடியற்காலையில் வந்து எண் எடுத்துக் காத்திருக்கும் முதியவர்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். மேனேஜ்டு கேர் திட்டத்தின் ஒரு நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதனிடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இந்த இருபதாயிரம் நீரிழிவு நோயாளிகள் என் பொறுப்பு, இவர்களில் யார் கண் பரிசோதனைக்கு வரவில்லை, யார் மருந்தை நிறுத்திவிட்டார் என்று கேட்க ஓர் அமைப்பு இருக்கிறது. நம் பெரிய ஆஸ்பத்திரிகளில் வந்தவரைக் கவனிக்கிறோம். வராமல் போனவரைத் தேடிப் போக யாருக்கும் பொறுப்பும் இல்லை, பணமும் இல்லை. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் நிலையில் திரும்பி வரும்போதுதான் அவரை மறுபடியும் பார்க்கிறோம். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிறிய அளவில் நாமும் இதைத் தொடங்கியிருக்கிறோம். 2019இல் வந்த பெக்கா பி40 திட்டம், வருமானம் குறைந்த, 40 வயதைக் கடந்தவர்களுக்குத் தனியார் கிளினிக்கிலும் உடற்பரிசோதனை செய்ய வழி செய்தது. 2023 ஜூனில் தொடங்கிய மடானி மருத்துவத் திட்டம், அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்கள் காய்ச்சல், இருமல் போன்ற திடீர் நோய்களுக்கு என்னைப் போன்றவர்களிடம் வர அனுமதித்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 250 ரிங்கிட் என்பது அதன் வரம்பு. அரசாங்க கிளினிக்குகளின் நெரிசலைக் குறைப்பதே நோக்கம். இத்தகைய நோயாளிகள் என்னிடம் வருவதால் அரசாங்க மருத்துவமனைக்கு நஷ்டமில்லை. அது இவர்களைக் கொண்டு வருமானம் பார்க்கவில்லை. ஐயா சொன்ன அமெரிக்கச் சிக்கல் இந்த அளவில் இங்கே எழவில்லை.

எழப்போவது வேறோர் இடத்தில் என்பது என் கவலை. பணம் தனியார் பக்கம் பெருகினால் ஆட்களும் அந்தப் பக்கம் போவார்கள். நிரந்தரப் பணி கிடைக்காத அரசாங்க ஒப்பந்த மருத்துவர்கள் 2021 ஜூலை 26 அன்று நாடு முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றதை மறந்துவிட முடியாது. பினாங்கில் இந்தோனேசியாவிலிருந்து வரும் நோயாளிகளை நம்பி வளர்ந்த தனியார் மருத்துவமனைகள் நிபுணர்களுக்கு என்ன ஊதியம் கொடுக்கின்றன என்பது ஊரறிந்த செய்தி. பொதுக் கொள்முதல் நிறுவனம் ஒன்று எளிதான அறுவை சிகிச்சைகளைத் தனியாரிடம் மொத்தமாக வாங்கத் தொடங்கினால், அரசாங்க மருத்துவமனை முதலில் இழப்பது நோயாளிகளை அல்ல, மயக்க மருத்துவரையும் அனுபவமுள்ள தாதியரையும்தான். அவர்கள் போன பிறகு கடினமான அறுவை சிகிச்சைக்கு யார் இருப்பார்?

மேனேஜ்டு கேர் என்ற பெயரைக் கேட்டாலே என் சக மருத்துவர்கள் முகம் சுளிப்பதற்கும் காரணம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரச் சட்டத்தில் இத்தகைய நிறுவனங்களுக்கென்றே ஒரு பகுதி உள்ளது. ஆயினும் முதலாளிக்கும் கிளினிக்குக்கும் நடுவில் நிற்கும் இடைநிலை நிர்வாக நிறுவனங்கள் சில, மருத்துவரின் கட்டணத்தைக் குறைத்து, பணத்தைத் தாமதித்து, மருந்துப் பட்டியலிலும் கைவைப்பதை அனுபவித்திருக்கிறோம். பொது நிறுவனமே ஆனாலும், சிகிச்சையை மறுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும், மறுக்கப்பட்ட நோயாளி எங்கே முறையிடுவார் என்பது முதலிலேயே சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

பதில்: மஸ்ஜித் இந்தியா தன்னார்வலர்

மதிப்பிற்குரிய இருவரின் பதில்களையும் படித்தேன். உறுப்பினர் பட்டியல் உள்ள திட்டம் நல்லது என்று டாக்டர் சொல்கிறார். அந்தப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாதவர்களைப் பற்றி ஒருவராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிகளில் உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பலருக்கு நாங்கள் மருத்துவமனைத் துணையாகப் போகிறோம். சட்டப்படி வேலை அனுமதி உள்ளவருக்கு 2011 முதல் மருத்துவமனைக் காப்புறுதி கட்டாயம். ஆனால் அதற்கு ஆண்டு உச்சவரம்பு இருக்கிறது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க மருத்துவமனையில் மானியமில்லாக் கட்டணம் என்பதால், ஒரு பெரிய அறுவை சிகிச்சைக்கும் சில நாள் தீவிரச் சிகிச்சைக்கும் அந்த வரம்பு தாங்காது. முதலாளி வேலை அனுமதியைப் புதுப்பிக்கத் தவறினாலோ, தொழிலாளி வேலையை விட்டு ஓடி வந்தாலோ அதுவும் இல்லை. அப்படிப்பட்டவர் மருத்துவமனை வாசலுக்குப் போகவே அஞ்சுகிறார். ஆவணமற்ற நோயாளிகளைக் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்கச் சொல்லும் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது என்பது அவர்களிடையே வாய்வழியாகப் பரவியிருக்கும் செய்தி. காசநோயுள்ள ஒருவர் அஞ்சி ஒளிந்திருந்தால் அந்த ஆபத்து அவரோடு நின்றுவிடாது.

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம், அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணம் கேட்காமல் பரிசோதித்து, உயிர் ஆபத்து நீங்கும்வரை கவனிக்க வேண்டும் என்று மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. அதற்கான பணத்தை யார் கொடுப்பது என்பதை அந்தச் சட்டம் சொல்லவில்லை. சுமை பெரும்பாலும் பொது மருத்துவமனைகளின் மேல் விழுந்தது. கலிஃபோர்னியா படிப்படியாக முன்னேறி, 2024 ஜனவரியில் வருமானம் குறைந்த எல்லா வயதினருக்கும் குடியேற்ற நிலை பாராமல் முழு மெடிக்கெய்ட் உரிமை கொடுத்தது. ஆனால் நிதி நெருக்கடியில், 2026 ஜனவரி முதல் ஆவணமற்ற வயது வந்தோரைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. திறந்த கதவு இரண்டே ஆண்டில் பாதி மூடப்பட்டதைக் காணும்போது, அட்டையை மட்டும் நம்பி மருத்துவமனையின் சொந்த நிதியைக் கைவிடுவது எவ்வளவு ஆபத்து என்பது எனக்கு விளங்குகிறது. இங்கே எத்தகைய கொள்முதல் நிறுவனம் வந்தாலும், பட்டியலில் இல்லாதவருக்கான செலவு எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

பாங்சார் மாணவி

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. பணம் நோயாளியோடு நகர்கிறது, ஆயத்தச் செலவு நகர்வதில்லை என்ற ஐயாவின் கருத்தை என் ஆய்வின் மையமாகவே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். இரண்டு விளக்கங்கள் மட்டும் வேண்டும். மருத்துவமனையே சொந்தமாகத் திட்ட நிறுவனத்தை நடத்தினால் இந்தப் பிரச்சினை தீருமா? இரண்டாவது, ஆயத்தச் செலவுக்கும் பட்டியலில் இல்லாதவர்களுக்கும் தனியாகப் பணம் கொடுக்கும் முறையை எங்கேனும் செய்து பார்த்திருக்கிறார்களா?

பட்டர்வொர்த் கணக்கர்

இரண்டுமே நடந்திருக்கின்றன.

நியூயார்க் நகரப் பொது மருத்துவமனைகளின் அமைப்பு 1985இலேயே மெட்ரோபிளஸ் என்ற சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது. இன்றும் அது அந்த அமைப்பின் உடைமைதான். பதினொரு மருத்துவமனைகளைக் கொண்ட அமைப்பாதலால், தன் திட்டத்தின் உறுப்பினரைத் தன் மருத்துவர்களிடமே அனுப்ப முடிகிறது. வார்டு நாள்கள் குறைந்து திட்டத்தில் பணம் மிஞ்சினால், அந்த மிச்சம் வெளியே போகாமல் அமைப்புக்குள்ளேயே தங்குகிறது. நான் முன்பு சொன்ன நஷ்டக் கணக்குக்கு இது ஓரளவு மருந்து. ஆனால் சிறிய மருத்துவமனைக்கு இது பொருந்தாது. காப்புறுதி என்பது அபாயத்தைத் தாங்கும் தொழில். இருப்பு மூலதனம் வேண்டும், சில நோயாளிகளின் பெரும் செலவு ஓர் ஆண்டுக் கணக்கையே கவிழ்த்துவிடும். மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் பொது மருத்துவமனை அமைப்பு, தான் வளர்த்த நெட்வொர்க் ஹெல்த் திட்டத்தை 2011இல் டஃப்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆகவே மருத்துவமனை நடத்தும் திறமையும் காப்புறுதி நடத்தும் திறமையும் வேறு வேறு என்பதை மனத்தில் வையுங்கள். என்னைக் கேட்டால், நம் நாட்டில் மருத்துவமனை மருத்துவமனையாகவே இருக்கட்டும் என்பேன்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. 2015 இறுதியில் மத்திய அரசின் ஒப்புதலோடு கலிஃபோர்னியா, பொது மருத்துவமனைகளுக்கான டி.எஸ்.எச். நிதியையும் காப்புறுதியற்றவர்களுக்கான வேறொரு நிதியையும் ஒன்றாக்கி, ஒவ்வொரு பொது மருத்துவமனை அமைப்புக்கும் காப்புறுதியற்றவர்களின் சிகிச்சைக்காக ஓர் ஆண்டுத் தொகையை முன்கூட்டியே நிர்ணயித்தது. அந்தத் தொகையை முழுமையாகப் பெற, மருத்துவமனை புள்ளிகள் சேர்க்க வேண்டும். வார்டில் படுக்க வைப்பதற்கு மட்டுமன்றி, கிளினிக்கில் பார்ப்பதற்கும், தாதி தொலைபேசியில் ஆலோசனை சொல்வதற்கும், நோய்த்தடுப்புப் பணிக்கும் புள்ளி உண்டு. அட்டை இல்லாதவருக்காக ஒரு தனிக் கணக்கு, அதிலும் அவரை வார்டுக்கு வராமல் காப்பாற்றினால் நஷ்டமில்லை என்ற ஏற்பாடு. மஸ்ஜித் இந்தியா நண்பர் எழுப்பிய கேள்விக்கு நான் அறிந்தவற்றில் மிக நேர்மையான விடை இதுதான்.

மேரிலாந்து மாநிலம் இன்னும் விரிவாகச் சென்றது. அங்கே யார் பணம் கொடுத்தாலும் ஒரே மருத்துவமனையில் ஒரே விலை என்ற விதி 1970களிலிருந்தே உண்டு. 2014இலிருந்து ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு வருமானத்தையே முன்கூட்டி வரையறுத்தார்கள். காப்புறுதியற்றவரைப் பார்க்கும் செலவும் அந்த விலைகளுக்குள் பகிர்ந்து வைக்கப்பட்டிருப்பதால், ஏழைகள் வசிக்கும் பகுதியில் மருத்துவமனை நடத்துவது தண்டனையாக இல்லை. நம்முடைய ஆண்டு ஒதுக்கீட்டு முறைக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள், சகோதரி. நாம் கைவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும் ஒன்றின் திருந்திய வடிவத்தை நோக்கி அவர்கள் வந்திருக்கிறார்கள். டாக்டர் சொன்ன குறையும் உண்மையே. ஒதுக்கீடு நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் நோயின் கடுமைக்கும் ஏற்ப ஆண்டுதோறும் திருத்தப்படாவிட்டால் அது வரிசையைத்தான் நீட்டும்.

காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், மெடிக்கெய்ட் பெறும் வயது வந்தோரில் ஒரு பகுதியினருக்கு வேலை நிபந்தனை விதிக்கிறது. மாநிலங்கள் மருத்துவமனைகளுக்குக் கூடுதல் பணம் அனுப்பிவந்த சில வழிகளையும் சுருக்குகிறது. 2034க்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்புறுதி இழப்பார்கள் என்பது அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகத்தின் மதிப்பீடு. அவர்களைச் சேர்த்துக்கொள்ளப் போகும் மருத்துவமனைகள் எவை என்று உங்களுக்கு இப்போது தெரியும். ஆகவே அங்கிருந்து 2024 வரையிலான புள்ளிவிவரத்தை மட்டும் எடுத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

இங்குள்ள தரவுக்கு, சுகாதார அமைச்சு வெளியிடும் தேசியச் சுகாதாரக் கணக்கிலிருந்து தொடங்கலாம். யார் பணம் கொடுத்தார்கள், அது எந்த வகை மருத்துவமனைக்குப் போனது என்பது அதில் கிடைக்கும். ஆனால் உங்கள் ஆய்வுக்கு வேண்டிய ஆயத்தச் செலவு அதில் தனியாகத் தெரியாது. ஒரு மருத்துவமனையின் விபத்துப் பிரிவு, தீவிரச் சிகிச்சைப் பிரிவு, பயிற்சி மருத்துவர்கள் ஆகிய மூன்றின் சம்பளச் செலவையும், அதே பிரிவுகளில் அந்த ஆண்டு பார்க்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல ஆண்டுகளுக்குப் பாருங்கள். எண்ணிக்கை ஏறி இறங்கும்போது செலவு எவ்வளவு அசைகிறது என்பதே நீங்கள் தேடும் எண். எந்த மாநில மருத்துவமனை அனுமதி கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை அமைப்பதில் உதவி தேவைப்பட்டால் இந்த இழையிலேயே கேளுங்கள், பார்த்துத் தருகிறேன்.